சிர்மியத்துச் சுரில்லாவும் பேரரசரின் காலும்

பேரரசின் ஆற்றங்கரை எல்லை நகரமான எங்கள் சிர்மியத்தில் பேரரசரைப் பற்றிக் கதை சொல்லாத ஆளே கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் ஜெயித்த போர்களைச் சொல்லுவார்கள், போட்ட வரிகளைச் சொல்லுவார்கள், கோபம் வந்தால் கழுத்து நரம்பு புடைப்பதைச் சொல்லுவார்கள். எல்லாம் தள்ளி நின்று பார்த்தவர்கள் சொல்வது. அவரைக் கையால் தொட்டு, விரல் விரலாக அறிந்த ஒருத்தி எங்கள் ஊரில் இருந்தாள். குதிரைச் சந்தைக்குப் பின்னால், தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம் குடலைப் பிடுங்கும் தெருவில், படைவீரர்களுக்குக் காலணி தைத்துக் கொடுத்த சுரில்லா. அவள் கதையைச் சொன்னால் அவர் கதையும் பாதி வந்துவிடும். பேரரசரின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் கூடவே அத்தனை பட்டங்களையும் சொல்ல வேண்டும், அதற்குள் பொழுது போய்விடும்.

சுரில்லா குள்ளம். குரல் மட்டும் ஆறடி. அப்பன் விட்டுப்போன கடையை, அதை எழுதி வாங்கப் பார்த்த சித்தப்பன்மார் இரண்டு பேரையும் வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கித் துரத்திவிட்டு, தனியாக நடத்தினாள். அவள் தைத்த பூட்ஸுக்கு எல்லைக் காவல் முழுக்கப் பேர் இருந்தது. காரணம் ஒன்றே ஒன்றுதான். அவை காலைக் கடிக்காது.

படையில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். புது பூட்ஸ் என்றால் குதிகால் கிழிந்து, ரத்தம் கசிந்து, நாலு நாள் நொண்டித்தான் ஆக வேண்டும். சுரில்லாவின் பூட்ஸை வாங்கியவன் அன்றைக்கே மலை ஏறலாம். என்ன எண்ணெய் தடவுகிறாள், எந்த மிருகத்தின் கொழுப்பு என்று மற்ற கடைக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். எண்ணெயும் இல்லை, கொழுப்பும் இல்லை. அவள் புருஷன் தாசியஸ்தான் அந்த ரகசியம்.

தாசியஸ் பன்றி வியாபாரியிடம் கூலிக்கு இருந்தவன். அவசரம் என்ற ஒன்றே அவன் உடம்பில் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், சேற்றில் நடக்க வேண்டுமே என்று கடையில் கிடந்த புது பூட்ஸை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனான். சுரில்லா கத்தித் தீர்த்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தால், தோல் துணி மாதிரி வளைகிறது. அன்றிலிருந்து அதுதான் அவன் வேலை. தைத்து முடித்த ஜோடியைப் போட்டுக்கொண்டு கொல்லையில் பன்றிக்குத் தீவனம் வைப்பான், விறகு வெட்டுவான், சும்மாவும் சுற்றுவான். பெரிய காலுக்கு என்றால் கம்பளியைச் சுற்றிக்கொள்வான். கடி எல்லாம் அவனுக்கு, சுகம் எல்லாம் வாங்கினவனுக்கு. வெளியே ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள் சுரில்லா. தெரிந்தால் இன்னொருத்தன் போட்டுக் கழற்றியதற்கா இந்த விலை என்று கேட்பார்கள் அல்லவா.

குதிரைப்படைத் தளபதி ஒருவர் வருஷந்தோறும் அவளிடம்தான் பூட்ஸ் வாங்குவார். மலைக்காட்டில் ஆடு மேய்த்த குடும்பத்திலிருந்து வந்தவர், பெரிய பாதம், இடது காலில் பெருவிரல் மூட்டு எலும்பு உருண்டு புடைத்திருக்கும். வேறு எவன் தைத்தாலும் அந்த எலும்பில் போய் உரசும். சுரில்லா யோசித்து, ஒரு ப்ளம் கொட்டையைக் கம்பளித் துண்டில் சுற்றி, தாசியஸின் இடது பெருவிரல் மூட்டில் கட்டிவிட்டாள். பூட்ஸ் அந்த எலும்புக்கும் சேர்த்துப் பழகிவிட்டது. தளபதி போட்டுப் பார்த்துவிட்டு, "ஏ சுரில்லா, என் அம்மாவுக்கு அடுத்து என் காலை அறிஞ்சவ நீதான்" என்றார்.

அந்தத் தளபதியைத்தான், பழைய பேரரசர் வாரிசு இல்லாமல் செத்துப்போனதும், ஆற்றங்கரைத் திடலில் படைவீரர்கள் கேடயத்தில் ஏற்றித் தூக்கி "அகஸ்டஸ்!" என்று கூவிப் பேரரசராக்கினார்கள். மறுநாளே சுரில்லாவுக்கு அரண்மனையிலிருந்து ஆள் வந்தது.

பேரரசருக்கு மட்டுமே உரிய ஊதாத் துணி தயார், கிரீடம் தயார். ஊதாச் செருப்புதான் சிக்கல். செத்தவருக்குப் பெண்பிள்ளைப் பாதம். அவருடைய செருப்புகளில் இவருடைய பெருவிரல் மட்டும்தான் நுழையும். நகரத்துக்குள் ஊர்வலம் போகும் நாள் குறித்தாயிற்று. ஆற்று வாசலிலிருந்து அரண்மனை வரை நடந்து வந்து, மேடையில் நின்று படைக்கு முன்னால் பேச வேண்டும். பேரரசர் மேடையில் ஒரு தடவை நொண்டினால் போதும், படை அதைச் சகுனம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த கேடயத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

"உன் பூட்ஸ் மாதிரியே இருக்கணும் சுரில்லா. கடிக்கக் கூடாது" என்றார் பேரரசர்.

"என் கடைச் சரக்கு என்னைக்குங்க தளபதி கடிச்சுது?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "எசமான்" என்று திருத்தினாள்.

ஊதாத் தோலையும் மேலே பதிக்க முத்துகளையும் கொண்டுவந்து கொடுத்தவர் பள்ளியறை அதிகாரி யூடோரஸ். ஆண்மை நீக்கப்பட்டு, சிறு வயதிலிருந்தே அரண்மனையில் வளர்ந்தவர். மூன்று பேரரசர்களுக்கு உடை மாட்டிவிட்டவர். தோல் நாற்றம் தாங்காமல் மூக்கில் துணியை வைத்துக்கொண்டே பேசினார்.

"இந்தத் தோலு பேரரசர் காலைத் தவிர வேற எந்தக் காலையும் தொடக் கூடாது. தொட்டா அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் பேரரசனாக ஆசைப்படுறான்னு அர்த்தம். தலை போயிரும். தெரியும்ல?"

"தெரியுங்க" என்றாள் சுரில்லா. தெரியும் என்றுதான் சொன்னாள், மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு நன்றாகவே தெரியும். முந்தின கோடையில்தான் ஊதாக் கரை வைத்த தலையணை உறைக்காக ஒரு செல்வந்தரைக் குடும்பத்தோடு இழுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் பழக்காமல் ஒரு ஜோடியைக் கையைவிட்டு அனுப்புவது அவளால் முடியாத காரியம். அதைக் கர்வம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம். கடை வாசலில் அரண்மனைக் காவலன் நின்றான். கொல்லைப்பக்கம் யாரும் நிற்கவில்லை.

"யோவ், ஏறி நில்லு" என்று ஊதாச் செருப்பைத் தாசியஸ் முன்னால் வைத்தாள்.

"அடியே, இதுல முத்தெல்லாம் வச்சிருக்கே."

"முத்து உன்னைக் கடிக்காது. குதிகால்தான் கடிக்கும். நட."

நடந்தான். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். அடுத்த நாள் விசிலடித்துக்கொண்டு நடந்தான். அதற்கடுத்த நாள், காலில் ஒன்று இருப்பதையே மறந்துபோனான். அவள் தொழில் சுத்தத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம், வந்த வினையும் அதனால்தான்.

அன்றைக்குப் பார்த்துப் பெண்பன்றி படலை முட்டித் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. சினைப் பன்றி. தாசியஸ் ஒன்றும் யோசிக்கவில்லை. "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினான். குதிரைச் சந்தையைத் தாண்டி, ரொட்டிக் கடையைத் தாண்டி, பார்லிக் கள் விற்கிற கடை வாசலில் பன்றி நின்றது. அவனும் நின்றான்.

கடையில் காவல் முறை முடிந்த படைவீரர்கள் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் குனிந்தவன் அப்படியே தாசியஸின் காலைப் பார்த்தான்.

"டேய், ஊதாடா! முத்து வேற!"

"அகஸ்டஸ் வந்துட்டாருடா! பன்னியோட வந்துட்டாரு!"

"அகஸ்டஸே, நீ ஜெயிக்கணும்! அகஸ்டஸே, ஒரு குடம் கள்ளு வாங்கிக் குடுக்கணும்!"

மேசைப் பலகையைக் கழற்றினார்கள். அவனை அதில் ஏற்றித் தோளுக்கு மேல் தூக்கினார்கள். தெருவே கூடிச் சிரித்தது. தாசியஸ் பலகையின் மேலே தடுமாறிக்கொண்டு, "அப்பா, அய்யா, என்னை விடுங்க, பன்னியப் பிடிங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். யூடோரஸின் ஆட்கள் அந்த முக்குத் திரும்பி வந்தது அப்போதுதான். பலகையைப் பிடித்திருந்த கைகள் எல்லாம் மாயமாய் மறைந்தன. தாசியஸ் பலகையோடு தரையில் விழுந்தான்.

சேதி சுரில்லாவுக்கு வருவதற்குள் தெருவில் கதவுகளைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்துக் கடை வெனாண்டா மட்டும் கொல்லை வழியாக வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஆத்தைத் தாண்டி ஓடிப்போயிரு சுரில்லா. உன்னையும் விடமாட்டாங்க."

"ஓடுனா குத்தம் செஞ்சவ ஆயிருவேன். நான் செருப்பு தச்சவ. தச்ச செருப்புக்குப் பதில் சொல்லத்தான் போறேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அரண்மனைப் படி ஏறும்போது தாசியஸ் இல்லாத கடை, தாசியஸ் இல்லாத கொல்லை என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே முடியவில்லை. தான்தான் அவனை ஏறி நில்லு என்று சொன்னோம் என்பது நெஞ்சில் குத்தூசியாக நின்றது.

மண்டபத்தில் பேரரசர் உட்கார்ந்திருந்தார். காலில் இன்னும் பழைய குதிரைப்படை பூட்ஸ்தான். தாசியஸ் வெறுங்காலோடு மண்டியிட்டிருந்தான். ஊதாச் செருப்பு ஒரு வெள்ளைத் துணியின் மேல் இருந்தது. யூடோரஸ் இரண்டு விரல் நுனியில் ஒரு கம்பளித் துண்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எசமான், மூணு குத்தம்" என்றார் யூடோரஸ். "ஊதாவைக் கால்ல மாட்டினான். தெருவுல அகஸ்டஸ்னு கூப்பிட வச்சுக்கிட்டான். இந்தா, கால்ல சூனியம் வேற கட்டியிருக்கான். மூணுக்கும் ஒரே தண்டனைதான், அது ஒரு வசதி."

பேரரசரின் கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பித்திருந்தது. "சுரில்லா, நீ என்ன சொல்ற?"

"அது சூனியம் இல்லீங்க எசமான். ப்ளம் கொட்டை."

"கொட்டையா? கொட்டை எதுக்கு?"

"உங்க இடது கால் எலும்புக்குங்க."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். பேரரசர் கம்பளித் துண்டை வாங்கி விரித்தார். கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பிறகு ஒருவரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். இருக்கையிலிருந்து இறங்கி, இடது பூட்ஸைக் கழற்றிவிட்டு, தன் வெறுங்காலைத் தாசியஸின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். யூடோரஸ் கண்ணை மூடிக்கொண்டார். பேரரசரின் வெறும் பாதத்தை இத்தனை பேர் பார்ப்பது அவர் வாழ்நாளில் நடக்காத விஷயம்.

பேரரசரே கொட்டையைத் தாசியஸின் பெருவிரல் மூட்டில் வைத்துப் பார்த்தார். அளவு வேறாக இருந்தாலும், இரண்டு கால்களிலும் அந்த மூட்டு ஒரே மாதிரி புடைத்து நின்றது.

"அப்ப இத்தனை வருஷமா நான் போட்ட பூட்ஸ்?"

"எல்லாமே இவரு போட்டு நடந்து குடுத்ததுதாங்க" என்றாள் சுரில்லா. இடுப்பில் கட்டியிருந்த தோல் மறைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"ஆத்தைத் தாண்டிப் போனப்ப போட்டது?"

"அது வெள்ளக் காலம். தொட்டி நெறயத் தண்ணி ஊத்தி அதுக்குள்ளயே நின்னாரு. சளி பிடிச்சு மாசக்கணக்குல படுத்துட்டாரு. கொட்டையக்கூட நாலஞ்சு தடவ மாத்தியாச்சுங்க. உங்க எலும்பு வளந்துக்கிட்டே போகுதே."

பேரரசர் தாசியஸைப் பார்த்தார். "ஏம்ப்பா, உன்னைக் கடிக்கலையா?"

அதுவரை வாயே திறக்காத தாசியஸ் சொன்னான். "மொத நாள் கடிக்குங்க எசமான். அது எனக்கு. அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் இருக்காது."

யூடோரஸ் முன்னால் வந்தார். "எசமான், சட்டம் சட்டந்தான். தெருவே கேட்டிருக்கு. பலகையில தூக்கி அகஸ்டஸ்னு கத்தியிருக்காங்க."

"குடிகாரப் பயலுக பலகையில தூக்குனா பேரரசனா?" என்றார் பேரரசர். "என்னைத் தூக்குனவங்களும் அன்னைக்குத் தெளிவா இல்ல யூடோரஸ்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுரில்லாவுக்கு இதுதான் சமயம் என்று பட்டது.

"எசமான், தீட்டுப்பட்ட செருப்பு வேண்டாம்னா வேற தச்சுத் தர்றேன். பொழுது சாயறதுக்குள்ள தச்சுருவேன், ராத்திரி முழுக்க இவரு நடந்து பழக்கிருவாரு. ஆனா இவரு தலை போச்சுன்னா காலும் போச்சு. நாளைக்கு மேடையில கடி வாங்கப்போறது நீங்கதான்."

பேரரசரிடம் அப்படிப் பேசிய வேறொரு பெண் உயிரோடு திரும்பியதாக எங்கள் ஊரில் கேள்விப்பட்டதில்லை. பேரரசர் வெள்ளைத் துணிப் பக்கம் போனார். ஊதாச் செருப்பை எடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் தானே மாட்டிக்கொண்டார். மண்டபத்தின் அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பி நடந்தார். ஒரு காலில் மட்டும் நின்று பார்த்தார்.

"கடிக்கல" என்றார்.

தீர்ப்பும் அதோடு வந்தது. தாசியஸ் இனி அரண்மனை உடை அறையைச் சேர்ந்த ஊழியன். பேரரசரின் செருப்பைத் தொடலாம், போடலாம், நடக்கலாம். ஆனால் ஊதா ஏறிய கால் தெருவில் இறங்கக் கூடாது. அரண்மனைக்குள்ளேயே, மதில் வைத்த பின்தோட்டத்தில்தான் இருக்க வேண்டும். தோட்டத்துச் சாவி யூடோரஸிடம்.

"அப்ப நானும் உள்ளதாங்க" என்றாள் சுரில்லா. "என் பன்னியும்."

"பன்னியா!" என்று அலறினார் யூடோரஸ்.

"குட்டி போடப்போகுதுங்க. வெளிய விட முடியாது."

மறுநாள் ஊர்வலத்தில் பேரரசர் ஆற்று வாசலிலிருந்து நேராக நடந்து வந்தார், மேடையேறினார், வெயில் உச்சிக்கு வரும் வரை நின்று பேசினார். அவர் கால் பக்கம் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுரில்லாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும் தாசியஸின் மடியில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, படல் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பேரரசரின் ஆட்சி முழுவதும் சுரில்லாவின் கை வழியாகவே போயிற்று. திரும்பி வரும் செருப்பைப் புரட்டிப் பார்த்தே நாட்டு நடப்பைச் சொல்லிவிடுவாள். கோபமான மாதங்களில் குதிகால் தேயும். தூதர்கள் காக்கவைத்த நாட்களில் வலது ஓரம் தேயும். பேரரசரின் மகன் காய்ச்சலில் இறந்த அந்தக் குளிர்காலத்தில், நுனி இரண்டும் ஓட்டையாகி வந்தன. மனிதர் விடிய விடிய அறைக்குள்ளேயே நடந்திருக்கிறார். சுரில்லா அந்த ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல பேரரசரா என்று கேட்டால் அவள் மழுப்ப மாட்டாள். "வரியில இரக்கம் பார்த்தாருன்னு எவனாவது சொன்னா பொய். எத்தனையோ பேரு வீட்டைக் காலி பண்ணாரு. ஆனா எம் புருஷனைத் திருப்பிக் குடுத்தாரு. எனக்கு அந்தக் கணக்குதான் தெரியும்" என்பாள்.

யூடோரஸ் மட்டும் மாறவேயில்லை. காலையில் தோட்டத்தைத் திறப்பார், மாலையில் பூட்டுவார். மூக்கில் துணி. தாசியஸோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். பன்றிக்குட்டிகள் அவர் உடையை மோந்து பார்க்க வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்.

கடைசியில் பேரரசருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் கணுக்கால், அப்புறம் பாதம். சுரில்லா தோலை அகலமாக வெட்டினாள், தாசியஸ் கம்பளியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டான். கொட்டையை அந்த வீக்கத்துக்குள் தேடித்தான் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த வசந்தத்தில் பேரரசர் இறந்தார்.

உடலை வாசனைத் தைலமிட்டுத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. தூரத்து அந்தியோக்கியாவில் வளர்ந்த அவருடைய அண்ணன் மகன்தான் அடுத்த பேரரசர். அவர் ஆட்கள் முன்கூட்டியே வந்து வாசல்களில் நின்றுவிட்டார்கள். யூடோரஸ், உடலுக்கு மாட்டி அனுப்ப வேண்டிய கடைசி ஜோடிக்கான ஊதாத் தோலைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதைப் பழக்க வேண்டாம்மா" என்றார். முதல் தடவையாக மூக்கில் துணி இல்லை. "உத்தரவு குடுத்தவர் போயிட்டார். அவரோட உத்தரவும் போச்சு. புது ஆளுங்க கண்ணுல பட்டா பழைய குத்தம் பழையபடி குத்தந்தான்."

சுரில்லா தைத்தாள். முத்து பதித்தாள். துணியில் சுற்றி வைத்தாள். தாசியஸ் எழுந்து போய்க் கம்பளியையும் கொட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

"வேண்டாம்யா" என்றாள். அவனிடம் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை.

"ஒரு ஜோடியாவது பழக்காம அனுப்பியிருக்கோமா?"

"செத்தவரைக் கடிக்குமாய்யா?"

"யாரு போய்ப் பாத்தா?" என்றான் தாசியஸ். "ரொம்ப தூரம் போறாரு சுரி. அந்தக் காலோட."

சுரில்லா குனிந்து, கொட்டையைத் தன் கையாலேயே கட்டிவிட்டாள்.

தாசியஸ் தோட்டத்தில் நடக்க ஆரம்பித்தான். வெளி முற்றத்தில் புதிய காவலர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. சுரில்லா பார்த்து எழுவதற்குள் யூடோரஸ் கதவில் நின்றார். அவர் பார்வை தாசியஸின் காலுக்குப் போனது. ஊதாவும் முத்தும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. முற்றத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் போதும்.

யூடோரஸ் கதவை இழுத்துச் சாத்தினார். வெளிப்பக்கமிருந்து சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு கதவோடு முதுகைச் சாய்த்து அவர் தரையில் உட்காருவதும், ஒரு காவலன் அருகே வந்து ஏதோ கேட்பதும், "உள்ள பன்னிதான் இருக்கு, நாத்தம் தாங்காது, போ அந்தப் பக்கம்" என்று அவர் விரட்டுவதும் கேட்டன.

காலடி தூரம் போன பிறகு, கதவின் அந்தப் பக்கத்திலிருந்து யூடோரஸ் மெதுவாகக் கேட்டார்.

"தாசியஸ், கடிக்குதாப்பா?"

"இன்னைக்குக் கடிக்குதுங்க" என்றான் தாசியஸ், நடந்துகொண்டே. "நாளைக்கு அவருக்குச் சரியாயிடும்."